கோணல் விழுந்த பேஸ்மென்ட் கான்கிரீட் சுவர்: செதுக்குவதா, பூசுவதா, மறைப்பதா?

சென்னையில் ஒன்றரை கிரவுண்டு மனையில்கூடக் காரைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே வீடு கட்டுகிறார்கள். சுற்றிலும் எட்டு அல்லது ஒன்பது இன்ச் ஆர்.சி.சி. சுவர், பத்து அடி உயரம். ஷட்டரிங் ஷீட்டை, அதாவது கான்கிரீட் ஊற்ற நிறுத்திய அச்சுத் தகட்டை, பிரிக்கிற அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் அந்தச் சுவரின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். நடுவில் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருக்கும். ஷீட்டும் ஷீட்டும் சேர்ந்த இடமெல்லாம் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். கீழ் மூலையில் ஜல்லி பல்லை இளிக்கும். கேட்டால் மேஸ்திரி தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்: "அதெல்லாம் பூச்சுல போயிடும் சார்."

போகும்தான். ஆனால் எத்தனை மழைக்காலத்துக்கு நிற்கும் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. தரைக்கு மேலே இருக்கும் செங்கல் சுவரில் கோணலை மறைப்பதற்குப் பூச்சு நல்ல வழி. மண்ணையும் ஈரத்தையும் முதுகில் சுமக்கிற கான்கிரீட் சுவரில் அதே பூச்சைக் கனமாக ஏற்றுவதுதான், என் கணக்கில், இருப்பதிலேயே மோசமான வழி. மலிவு என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற வழிகள் என்ன, எது எங்கே பொருந்தும் என்று பார்ப்போம்.

மேடு வேறு, பள்ளம் வேறு

ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. பத்து அடியையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடிப்பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 7 டன்னுக்கு மேல் அழுத்தம் வரும். சப்போர்ட் ஒன்று நழுவினாலும், கட்டுக்கம்பி ஒன்று தளர்ந்தாலும் ஷீட் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அப்படிப் போகும்போது உள்ளே கட்டிய கம்பிக்கூடு பொதுவாக அதனோடு போவதில்லை. அதனால் வயிறு தள்ளிய இடத்தில் கம்பிக்கு மேலே கான்கிரீட் கூடுதலாக இருக்கிறது. பார்க்க அசிங்கம், ஆனால் கம்பிக்கு அது கெடுதல் இல்லை.

பள்ளம் அப்படியல்ல. அங்கே கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், குறைந்திருக்கலாம். ஐ.எஸ். 456:2000 விதிப்படி, கெடுதல் செய்யாத மண்ணில் புதைந்த கான்கிரீட்டுக்கு 30 மி.மீ., கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., உப்பும் சல்பேட்டும் கலந்த நிலத்தடி நீர் தொடும் இடத்தில் 50 மி.மீ. கவர் வேண்டும். திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு முதல் கணக்கு பொருந்தவே பொருந்தாது. 45 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 20 மி.மீ. பள்ளம் என்றால் மிச்சம் 25தான். இதில் நேர்த்தியைப் பற்றிய கவலைக்கு வேலையே இல்லை. கம்பியின் ஆயுள்தான் இங்கே கேள்வி.

ஆகவே மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தைச் சரியான பொருளால் நிரப்ப வேண்டும். இரண்டையும் ஒரே பூச்சில் மூடும்போது மேட்டின் மேல் தேவையில்லாமல் ஏற்றுகிறோம், பள்ளத்தில் தேவையானதைக் கொடுக்காமல் விடுகிறோம்.

முதலில் நூல் கட்டுங்கள்

ஆளாளுக்குக் கண்ணால் பார்த்து "ஒரு இன்ச் இருக்கும், ரெண்டு இன்ச் இருக்கும்" என்று பேசுவதை நிறுத்தினாலே பாதிச் சண்டை தீரும். சுவரின் இரு முனைகளிலும் மேலும் கீழும் ஆணி அடித்து, தூக்குக்குண்டு விட்டு, சுவரிலிருந்து சரியாக 50 மி.மீ. தள்ளி நூல் கட்டச் சொல்லுங்கள். பிறகு அடிக்கு ஓர் இடமாக நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த எண்ணைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுத வேண்டும். 50 என்றால் மட்டம். 38 என்றால் 12 மி.மீ. மேடு. 70 என்றால் 20 மி.மீ. பள்ளம். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், "முழுச் சுவரும் கோணல்" என்று நினைத்தது பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் 45க்கும் 55க்கும் நடுவில் ஊசலாடும். 5 மி.மீ.க்காகச் சுவர் முழுக்கப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவரவர் பணம்.

அடுத்து ஒரு சின்னச் சுத்தியல். மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும், உள்ளே கலவை நிரம்பாமல் தேன்கூடு போலக் கூடு விழுந்த இடம் பொத்தென்று சத்தம் தரும். அந்த இடங்களைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, ஒரு சொம்புத் தண்ணீர். சுவரில் விசிறினால் சில இடங்களில் உடனே உறிஞ்சும், சில இடங்களில் முத்து முத்தாக உருண்டு ஓடும். உருண்டு ஓடுகிற இடத்தில் ஷட்டரிங் ஆயில் இன்னும் இருக்கிறது. ஷீட் ஒட்டாமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவது இங்கே சகஜம். அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தக் கலவையைப் பூசினாலும் அது ஒருநாள் ஓடாகக் கழன்று விழும்.

கடைசியாக ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது ஷீட்டின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது பேஸ்மென்ட்டுக்குள் காற்றோட்டம் இல்லாததால் வரும் வியர்வை. மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. இந்தச் சோதனையை மே மாதத்தில் செய்து "காய்ஞ்சு கிடக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுவரின் நடு உயரத்தில் கிடைமட்டமாக ஒரு வெடிப்பு ஓடினாலோ, ஷீட் பிரித்த அன்று இருந்த கோணல் மண் நிரப்பிய பிறகு கூடியிருந்தாலோ, அது மேற்பரப்புச் சங்கதியே இல்லை. மேலே சிலாப் தாங்கிப் பிடிக்கும் என்ற கணக்கில் வடிவமைத்த சுவருக்குப் பின்னால், சிலாப் போடும் முன்பே மண்ணைத் தள்ளிவிட்டால் இப்படி நடக்கும். அந்த நிலையில் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

செதுக்கி விட்டுவிடுவது

ஆங்கிள் கிரைண்டரில் வைரக் கப் வீல் மாட்டி, ஷீட் விளிம்புகளையும் சிறு மேடுகளையும் தேய்த்து எடுப்பது. சின்னச் சின்னக் காற்றுக்குழிகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, மேலே சிமெண்ட் பெயிண்டோ சுண்ணாம்போ அடித்துவிட்டால் வேலை முடிந்தது. கார் நிறுத்துகிற இடத்துக்கு, நூல் அளவில் 10 மி.மீ.க்குள் ஏற்ற இறக்கம் இருந்தால், நான் சொல்வது இதைத்தான். சுவரின் மேல் எதையும் ஏற்றுவதில்லை, ஆகவே கழன்று விழவும் எதுவும் இல்லை. பின்னாளில் எங்காவது நீர் கசிந்தால் வெறும் கான்கிரீட்டில் அந்த இடம் உடனே கண்ணில் படும். பூச்சு இருந்தால் நீர் ஓரிடத்தில் நுழைந்து உள்ளேயே பரவி, ஐந்தடி தள்ளி வெளியே வந்து ஏமாற்றும்.

எவ்வளவு ஆழம் செதுக்கலாம் என்பதை, கம்பி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வயிறு தள்ளிய இடத்தில் கவர் கூடுதலாக இருக்கும் என்று மேலே சொன்னது பொதுக்கணக்கு. கம்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவே இடைவெளி காக்கும் கவர் பிளாக் வைக்காமல் கட்டிய கம்பிக்கூடு ஷீட்டோடு சேர்ந்தே சாய்ந்திருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். பெரிய மேட்டை உடைக்கப் பெரிய பிரேக்கரை எடுத்துவருவார்கள். வேண்டாம். அதன் அதிர்ச்சியில் மிச்சமுள்ள கான்கிரீட்டிலும் மயிரிழை வெடிப்புகள் விழும். சின்ன சிப்பிங் மெஷினால் கொத்திவிட்டுக் கடைசி சில மி.மீ.யைக் கிரைண்டரால் முடிக்கலாம்.

இந்த வழியின் பெரிய தொல்லை தூசி. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூடிய பேஸ்மென்ட்டில் அதை நாளெல்லாம் மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம், வந்தால் குணமாகாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிற பையனைத் தினமும் பார்க்கிறோம். துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. வேக்யூம் இணைக்கும் மூடியுள்ள கிரைண்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அதோடு சரியான மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதென்றால் மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் மெஷினை மாட்டவிடாதீர்கள்.

கொத்தனாரின் சிமெண்ட் பூச்சு

நூறு சதுர அடியை ஒரு இன்ச் கனத்தில் 1:4 கலவையால் பூச ஏறக்குறைய 2 மூட்டை சிமெண்டும் 9 கன அடி மணலும் போதும். வேறு எந்த வழியும் இந்த விலைக்குப் பக்கத்தில் வராது. எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. பளபளவென்று ஒரே மட்டமாக முடித்துக் கொடுப்பார்கள்.

அதன் எடையையும் கொஞ்சம் பாருங்கள். அந்த நூறு சதுர அடிப் பூச்சு அரை டன்னுக்குக் கிட்ட வரும். நாற்பதடி நீளச் சுவர் என்றால் இரண்டு டன். அவ்வளவும் கான்கிரீட்டின் வழுவழுப்பான முகத்தில் வெறும் ஒட்டுதலை நம்பித்தான் நிற்கிறது. செங்கல்லுக்கு உறிஞ்சும் தன்மையும் இடைவெளிகளும் உண்டு. கலவை உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். ஷீட்டில் வார்த்த கான்கிரீட்டில் பிடிமானத்துக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கொத்திவிடச் சொல்கிறோம். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது? சாயங்காலம் ஒரு சித்தாளிடம் உளியைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் அடிக்கு நாலு கொத்துக் கொத்திவிட்டு வருவார். உள்ளங்கை அகலத்துக்குள் ஏழெட்டுக் கொத்தாவது விழுந்து, எண்ணெய்த்தோல் முழுக்க உரிந்து, உள்ளிருக்கும் மணலும் ஜல்லியும் தெரிந்தால்தான் அது கொத்தியது.

பூச்சுதான் என்று முடிவெடுத்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, சுவர் ஈரமாக ஆனால் நீர் மினுக்காமல் இருக்கும்போது, சிமெண்டும் கரட்டு மணலும் 1:2 ஆகக் கலந்து கரண்டியால் விசிறி அடிக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பு ஒரு நாள் இறுகிய பிறகே பூச்சு. ஒரு கோட் 12 முதல் 15 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடுத்த கோட்டுக்கு முன் முதல் கோட் இறுகி, சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்திருக்க வேண்டும். மேல் கோட்டின் கலவை அடிக்கோட்டைவிடச் சிமெண்ட் கூடியதாக இருக்கக் கூடாது. இருந்தால் சுருங்கும்போது அடிக்கோட்டையும் இழுத்துக்கொண்டு வரும். பூச்சுக்கென்றே நைசாக வரும் பி-சாண்ட் மணல் வாங்குங்கள். கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டைச் சலித்துப் பூசினால் வெடிப்பு வலை பின்னும். குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும். பேஸ்மென்ட்டில் வெயில் படாததால் இந்த ஒன்று மட்டும் மாடியைவிடச் சுலபம்.

20 மி.மீ.யைத் தாண்டினால் கோழிவலை அடித்துப் பூசலாம் என்பார்கள். ஈரமும் உப்பும் வரும் சுவரில் அந்த மெல்லிய கம்பி சில வருடங்களில் துருப்பிடித்து, பிடித்து வைக்க வேண்டிய பூச்சை அதுவே வெளியே தள்ளும். வலை வேண்டுமென்றால் காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை வலை வாங்குங்கள். இரண்டு இன்ச் பள்ளத்தைப் பூச்சாலேயே நிரப்புகிறேன் என்கிற கொத்தனார் உள்ளே உடைந்த செங்கல்லை வைத்து அடைப்பார். ஓரமாக நின்று பார்த்தால் தெரியும். அந்த ஓட்டைச் செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும்.

சுவர் காய்ந்தே இருக்கிறது, கோணல் 15 மி.மீ.க்குள், மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக வேண்டும் என்றால் பூச்சு செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வழி பாருங்கள்.

பாலிமர் ரிப்பேர் மார்ட்டர்

பள்ளத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். கடையில் பையாகவே கிடைக்கும் ரெடிமேட் ரிப்பேர் மார்ட்டர், அல்லது சைட்டிலேயே சிமெண்ட் மணலோடு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம் கலந்து செய்வது. லேடெக்ஸ் கலந்த கலவை கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும், சாதாக் கலவையைவிட நீரைக் குறைவாகவே உள்ளே விடும்.

விலையைப் பார்த்ததும் பின்வாங்குகிறவர்களே அதிகம். 25 கிலோ ரெடிமேட் பை தண்ணீர் சேர்த்துக் கலக்கியபின் ஏறக்குறைய 14 லிட்டர்தான் வரும். நூறு சதுர அடியை ஒரு இன்ச் கனத்தில் முழுக்க இதனால் பூச 16, 17 பை வேண்டும். பக்கத்தில் இரண்டு மூட்டை சிமெண்டை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் நூல் கட்டி அளந்தவருக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. சுவரில் பத்தில் ஒரு பங்குதான் பள்ளம் என்றால் நூறு சதுர அடிக்கு இரண்டு பையோடு முடிந்துவிடும். முழுச் சுவருக்கு விலை கேட்டுவிட்டு "கட்டுப்படியாகாது" என்று ஒதுக்குவதுதான் இங்கே நடக்கிற தப்புக்கணக்கு.

செய்முறையில் இரண்டு இடத்தில்தான் கெட்டுப்போகும். முதலாவது விளிம்பு. பள்ளத்தின் ஓரத்தில் கலவையைத் தாள் போல மெலிதாக இழுத்து முடித்தால் அந்த ஓரம்தான் முதலில் உரியும். பள்ளத்தைச் சுற்றிக் கட்டிங் மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்கோடாக அறுத்து, உள்ளே கொத்தி எடுத்து, ஓரம் செங்குத்தாக நிற்கும்படி செய்ய வேண்டும். அறுக்கும் முன் கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஒட்டுப்பூச்சு. லேடெக்ஸும் சிமெண்டும் கலந்த கரைசலைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மார்ட்டரை அழுத்த வேண்டும். காலையில் சுவர் முழுக்க அடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய் வந்து மார்ட்டர் வைத்தால், காய்ந்த லேடெக்ஸ் ஒரு பிளாஸ்டிக் தாளாகி இரண்டையும் பிரித்து வைக்கும். ஒட்ட வைக்க வாங்கிய பொருளே ஒட்டாமல் செய்யும். காய்ந்துவிட்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். இந்தக் கரைசலை ஒரு சமயத்தில் ஒருவர் பூசி முடிக்கிற அளவுக்கு மேல் கலக்கவிடாதீர்கள்.

சைட்டில் கலக்குவதானால் லேடெக்ஸ் அளவு பொதுவாகச் சிமெண்ட் எடையில் 10 முதல் 20 சதவீதம். டப்பாவில் எழுதியிருப்பதே இறுதி. செங்குத்துச் சுவரில் ஒரு கோட்டில் எவ்வளவு கனம் நிற்கும் என்பதும் பொருளுக்குப் பொருள் மாறும், அதையும் பையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நீராற்றுவதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சாதாப் பூச்சைப் போல ஏழு நாளும் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். முதல் நாள் ஈரமாக மூடி வைத்துப் பிறகு காற்றில் காயவிட்டால்தான் லேடெக்ஸ் படலம் உருவாகும்.

மைக்ரோ கான்கிரீட், குனைட்

ஜல்லி தெரிகிற கூடு கம்பி வரைக்கும் போயிருந்தால், அல்லது பள்ளம் இரண்டு இன்ச்சைத் தாண்டினால், கரண்டி வேலைக்கு இனி இடமில்லை. உறுதியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் ஒரு இன்ச் இடைவெளி விட்டு, துருவைத் தேய்த்து, முன்னால் பலகை அடைத்து, மேலே ஒரு வாய் வைத்து மைக்ரோ கான்கிரீட் ஊற்ற வேண்டும். வைப்ரேட்டர் இல்லாமலே இது தானாக ஓடி நிரம்பும், சுருங்குவதும் குறைவு. பலகை கசிந்தால் விலையுயர்ந்த பொருள் தரையில் ஓடிவிடும் என்பதால் ஓரங்களை ஃபோமோ களிம்போ வைத்து அடைப்பது முக்கியம். சுவரின் அடியில் பெரிய கூடு என்றால் கொத்தத் தொடங்கும் முன்பே இன்ஜினியர் வந்து எவ்வளவு நீளத்தை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று சொல்லட்டும். மேலே வீடு ஏறியிருக்கிறது.

குனைட் எனப்படும் பீய்ச்சுக் கான்கிரீட்டும் ஒரு வழிதான். கால்வாய், சுரங்கம், பழைய பாலம் போன்ற பெரும்பரப்புக்கு உரியது. கம்ப்ரஸர், மெஷின், குழாய் பிடித்து அடிக்கப் பழகிய நாசில்மேன் எல்லாம் வர வேண்டும். அடித்ததில் ஒரு பங்கு திரும்பித் தெறித்து வீணாகும். ஒரு வீட்டுச் சுவருக்காக அதை வரவழைப்பது வீண் ஆடம்பரம். பெரிய அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சுவர் முழுவதும் கவர் குறைந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

உள்ளே இன்னொரு சுவர்

பேஸ்மென்ட்டில் ஹோம் தியேட்டர், ஜிம், ஆபீஸ் என்று திட்டம் இருந்தால் கதை மாறுகிறது. அங்கே சுவர் கண்ணாடி போல இருக்க வேண்டும், ஆனால் கான்கிரீட் சுவரை அப்படி ஆக்குவதில் லாபமில்லை. இரண்டு இன்ச் தள்ளி ஜி.ஐ. சேனல் நிறுத்தி சிமெண்ட் ஃபைபர் போர்டு அடித்துவிட்டாலோ, நாலு இன்ச் சாலிட் பிளாக் கட்டிவிட்டாலோ, பின்னால் இருப்பது எவ்வளவு கோணலாக இருந்தாலும் கேட்பாரில்லை. பின்பக்க இடைவெளியின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால் விட்டு சம்ப்புக்குக் கொண்டுபோனால், கசிந்து வரும் கொஞ்ச நீரும் அறைக்குள் எட்டிப் பார்க்காது.

இழப்பது இடம். போர்டு என்றால் சுவருக்குச் சுவர் நாலு இன்ச், பிளாக் என்றால் ஆறேழு இன்ச். கார் கதவு திறக்க இடம் போதாத பார்க்கிங்கில் இது ஆகாது. பின்னால் நடப்பது கண்ணில் படாது என்பதும் ஒரு குறை. சோதித்துப் பார்க்க இரண்டு மூன்று இடங்களில் கழற்றும் பேனல் வையுங்கள். பிளைவுட்டையும் ஜிப்சம் போர்டையும் இங்கே கொண்டுவராதீர்கள். ஒன்றைக் கரையான் தின்னும், மற்றது ஈரத்தில் மாவாகும்.

ஜிப்சம் பிளாஸ்டரை நேரடியாகச் சுவரில் பூசுவதற்கும் அதே பதில்தான். வால் புட்டியோ ஒன்றிரண்டு மி.மீ. மினுக்குக்கு வந்த பொருள். அதை வைத்துக் கோணலை எடுக்க நினைப்பது மூட்டை மூட்டையாகப் பணத்தைச் சுவரில் தடவுவது.

மண் இன்னும் தள்ளவில்லை என்றால்

வெளிப்பக்கம் திறந்திருந்தால் உள்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் அங்கே போங்கள். வெளி முகம் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வழுவழுப்பாக இருந்தால் போதும். 3, 4 மி.மீ. கனமுள்ள தார் மெம்பரேனை (நீர் புகாத தாள்) நெருப்புக் காட்டி ஒட்டுகிறார்கள். துருத்திய விளிம்பின் மேல் அது படியாமல் கூடாரம் போட்டு நிற்கும். பின்னால் மண்ணைத் தள்ளி இடிக்கும்போது அங்கேதான் கிழியும். எனவே விளிம்புகளைத் தேய்த்து, குழிகளை அடைத்து, சுவரும் அடித்தளமும் சேரும் மூலையில் சாய்வாக ஒரு கலவைப் பட்டி கொடுத்து, அதன் பிறகே மெம்பரேன். ஷட்டரிங் போல்ட் போன பி.வி.சி. குழாய் ஓட்டைகளை மறந்துவிடுவார்கள். சுருங்காத கிரவுட் கலவையால் அவற்றை உள்ளும் வெளியும் அடைக்கவில்லை என்றால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குழாய்தான்.

வெளியே மண் மூடிவிட்டது, உள்ளே ஈரம் வருகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றால், மட்டம் பார்க்கும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். கசிவை, வெடிப்புக்குள் அடைப்புப் பொருளைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் போட்டோ, படிகமாகி அடைக்கும் கோட்டிங் போட்டோ நிறுத்திவிட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். உப்பைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி எடுங்கள். பெயிண்டிலும் மூச்சுவிடாத எனாமல், பிளாஸ்டிக் பெயிண்ட் வகைகள் இங்கே கொப்புளம் கட்டும். சிமெண்ட் பெயிண்டும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

கான்ட்ராக்டரிடம் பேசும்போது

எந்த வழியானாலும் சதுர அடி ரேட் மட்டும் பேசாதீர்கள். சதுர அடிக்குக் கூலி என்றால், பள்ளம் ஆழமாக ஆக அவருக்கு நட்டம். செங்கல் துண்டு உள்ளே போவதும், கொத்துவது குறைவதும் அதனால்தான். கொத்துவதற்கும் கிரைண்டிங்குக்கும் நாள் கூலி, ரிப்பேர் மார்ட்டருக்குப் பை கணக்கு, பூச்சுக்கு 12 மி.மீ. வரை ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி ரேட் என்று பிரித்து எழுதுங்கள். மார்ட்டர், லேடெக்ஸ் இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, காலிப் பைகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தி முடித்ததும் பூசும் முன் உங்களுக்கோ இன்ஜினியருக்கோ காட்ட வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே சின்னச் சுத்தியலோடு ஒருமுறை சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்து, பொத்தென்று கேட்கும் இடங்களை உடைத்துத் திரும்பச் செய்து கொடுத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.